பிளேன் மாப்பிள்ளை

"மச்சான், மூண்டுல எதப் போடுவம்?"

ஷரிபுதீன் மேசையில் மூன்று மோட்டர்களை அடுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒன்று பெருவிரல் அளவு. ஒன்று கோழிமுட்டை அளவு. மற்றது ஒரு கைக்குள் அடங்காதது. பக்கத்தில் பெரிதும் சிறிதுமாக இரண்டு பெற்றரிக் கட்டுகள், நாலைந்து காற்றாடிகள், ஒரு பல்லுச்சில்லுக் கியர்பெட்டி, கையில் வைத்து இயக்குகிற றேடியோ. எல்லாவற்றுக்கும் நடுவில், சிவப்பும் வெள்ளையுமாகச் சிறகை விரித்தபடி அந்தக் குட்டி விமானம். ஆகாயத்தில் குத்துக்கரணம் அடிக்கிற வகை. குவைத்திலிருந்து லீவில் வந்த மனைவியின் சகோதரன் ஷரிபுதீன் அதைச் சிறகு கழற்றி, வழியெல்லாம் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தான்.

முத்தலிப் மூன்று மோட்டர்களையும் மாறி மாறிப் பார்த்தான். மூன்றும் ஒன்றும் சொல்லவில்லை.

"கடைக்காரன் என்ன சொன்னான்?"

"அவன் என்னத்தச் சொல்ற? மோட்டரும் பெற்றரியும் காத்தாடியும் ஒண்டுக்கொண்டு ஒத்துப்போகணுமாம். தெரிஞ்ச ஆளிட்டக் கேட்டுப் பூட்டு எண்டான். எங்கட மச்சானே பிளேன்ல வேல செஞ்சவர், எல்லாத்திலயும் ஒவ்வொண்டு தா எண்டு வாங்கிட்டு வந்துட்டன்."

முத்தலிப் பெருவிரல் மோட்டரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தான்.

அவன் ஜித்தாவில் பிளேன் வேலை செய்தது உண்மைதான். ஆனால் அது ஆகாயத்தில் போகிற பிளேன் அல்ல, கோப்பையில் வருகிற பிளேன். ஒரு கட்டடக் கம்பனியின் முகாமில் விடிந்தது முதல் பொழுது படும்வரை பால் விடாத வெறுந்தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். நம்முடைய பக்கத்தில் அதைப் பிளேன்டீ என்று முழுதாகச் சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கிறது? "ரெண்டு பிளேன் போடுங்க" என்பதோடு சரி. கலியாணத் தரகருக்கும் அந்தப் பொறுமை இல்லை. "மாப்பிள்ள ஜித்தாவில பிளேன்" என்று சாய்ந்தமருதில் பெண் வீட்டாரிடம் சொல்லிவிட்டு, நிந்தவூருக்கு வந்து முத்தலிப்பிடம், "சொல்லிட்டன் தம்பி, அவங்களுக்கு நல்ல சந்தோசம்" என்றார்.

கலியாணத்தன்று பெண் வீட்டு வளவெல்லாம் அதே பேச்சு. "பிளேன் மாப்பிள்ளயா? மாஷா அல்லாஹ்!" முத்தலிப்புக்கு அப்போதுதான் பகீர் என்றது. தேத்தண்ணி ஊற்றுகிறவனுக்கு யாராவது மாஷா அல்லாஹ் சொல்வார்களா? இவர்கள் ஆகாயத்தை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

மறுநாள் காலை மாமனார் மீராமுகைதீன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஆசை ஆசையாகக் கேட்டார்.

"மருமகன், அங்க ஒரு நாளைக்கு எத்தின பிளேன் போகும்?"

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். உண்மை வாய் வரைக்கும் வந்தது. மாமனாரின் முகத்தில் இருந்த ஆசையைக் கண்டதும் திரும்பிப் போய்விட்டது.

"ஏறுறதும் எறங்குறதுமா நூறுக்கு மேல போகும் மாமா. பெரிய எயார்போர்ட்."

"எயார்போர்ட்" என்றார் மாமனார்.

"ஓம் மாமா."

மாமனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழும்பி முன்பக்கம் போனார். மனுசன் பிரமித்துப் போய்விட்டார் என்று முத்தலிப் நினைத்தான்.

அன்று தொடங்கியது வெட்கம். பெண் வீட்டில் குடியிருப்பது நமது வழக்கம், அதில் வெட்கமில்லை. வேலை வெட்டி இல்லாமல் குடியிருப்பதுதான் வெட்கம். திரும்பிப் போவதற்கு விசா வரும் என்று சொல்லிவைத்திருந்தான். எந்த விசாவும் வருவதாயில்லை. கல்முனைச் சந்தையடியில் எத்தனையோ தேத்தண்ணிக் கடைகள் இருந்தன. போய்க் கேட்டால் நாளைக்கே வேலை கிடைக்கும். ஆனால் பிளேன் மாப்பிள்ளை எப்படிப் போய்க் கேட்பது? அந்தக் கடைகளைத் தாண்டும்போது சைக்கிளை வேகமாக மிதிப்பான்.

ஆகவே தினமும் மூன்று வேளையும் மாமனாரின் சோறு. மீன் தலையும் நடுத்துண்டும் எப்போதும் அவனுடைய சோற்றுக்கோப்பைக்குத்தான் வந்தன.

இப்போது இந்த மோட்டர்கள்.

"எண்ணெய் எஞ்சின் போட்டிரிந்தா யோசனையே இல்ல" என்றான் ஷரிபுதீன். "உம்மாதானே விடல்ல."

அதற்கு ஊற்றுவது ஒருவகை ஸ்பிரிட் என்று அவன் சொன்னதுதான் தாமதம், வாசல் சீலைக்குப் பின்னாலிருந்து மாமி றுகையாவின் குரல் வந்திருந்தது: "சாராயச் சாமான் இந்த வளவுக்குள்ள வரப்படா." மாமி மருமகனுக்கு முன்னால் வருவதில்லை, அவனோடு நேரே கதைப்பதுமில்லை. புது மருமகனைக் கண்டு மாமிமார் கூசுவது வழமைதான். தீர்ப்புகள் மட்டும் சீலையைத் தாண்டி வரும். எனவே எண்ணெய் போய்க் கரண்ட் வந்தது.

அவர்கள் நின்றது வீட்டின் முன்பக்கம், றோட்டைப் பார்த்தபடி மாமனார் புதிதாகக் கட்டியிருந்த அறையில். கலியாணத்துக்குச் சற்று முதல் கட்டியது. பலகைக் கதவு போட்டுப் பூட்டியே கிடந்தது. உள்ளே ஒரு நீள மேசை. மூலையில் சாக்கால் மூடிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஏதோ ஒரு சாமான். மாமனாருக்கு நெல் வியாபாரம், அதற்குக் கட்டிய கடை போலும். நெல் தூற்றுகிற மெசினாக இருக்கும் என்று முத்தலிப் நினைத்துக்கொண்டான். அவருடைய சாமானை அவிழ்த்துப் பார்ப்பது மருமகனுக்கு அழகில்லை.

"பெரியதப் போடுவம்" என்றான் கடைசியில்.

"ஏன் மச்சான்?"

காரணம் ஒன்று வேண்டியிருந்தது. அவனுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் தேத்தண்ணிச் சாயத்துக்குச் சொல்வது. "கடுப்பமா இரிக்கணும்" என்றான்.

வாசலில் வந்து நின்ற மாமனார் தலையை ஆட்டினார். "மெய்தான் மருமகன். பிளேன் எண்டா கடுப்பமாத்தான் இரிக்கணும். மெல்லிசா இரிந்தா ஆர் மதிப்பான்?"

மனுசன் அறியாமல் சொன்ன சொல் முத்தலிப்புக்குச் சரியான இடத்தில் வந்து குத்தியது. பெருமூச்சு விட்டுக்கொண்டு மாமனார் உள்ளே போனார்.

பெரிய மோட்டருக்கு, கனம் குறையட்டும் என்று சின்னப் பெற்றரியைப் பூட்டினான். காற்றாடி சோம்பலாகச் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. பெற்றரியைத் தொட்டுப் பார்த்தான். கொதிக்கிற கேத்தலோடு பழகிய கைக்கே சூடு பொறுக்கவில்லை.

மனைவி நதீரா இங்கிலீசு படித்தவள். பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்து வாசித்தாள். "இஞ்ச பாருங்க, பெரிய மோட்டர் கரண்ட நல்லா இழுக்குமாம். சின்னப் பெற்றரி தாங்காதாம்."

"தெரியும். சோதிச்சுத்தான் பாத்தன்" என்றான்.

"குத்துக்கரணம் அடிக்கணும் எண்டா பலமும் வேணுமாம், கனமும் கூடப்படாதாம். நடு மோட்டருக்குப் பல்லுச்சில்லப் பூட்டி..."

"தாள்ல எழுதி இரிக்கிறதெல்லாம் ஜித்தாவில செய்றல்ல, நதீரா."

அவள் தாளை மடித்து வைத்துவிட்டாள். முகம் சின்னதாகிப் போயிற்று. சொல்லி முடித்த கணமே முத்தலிப்புக்குத் தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் சொன்னது சரியாக இருக்கும் என்று அவனுக்கும் தெரிந்தது. ஆனால் வாசித்துத் தெரிந்துகொள்கிறவன் எப்படிப் பிளேன்காரன் ஆவான்?

ஆகவே பெரிய பெற்றரி. பின்பக்கம் வைத்தால் வால் தொங்கியது. முன்பக்கம் தள்ளினால் மூக்கு குத்தியது. வாலுக்குப் பாரம் வேண்டுமென்று, பக்கத்து வளவு மீன்காரர் அப்துல் ஸமட்டிடம் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகள் கேட்டு வாங்கினான். என்னத்துக்கு என்று அவர் கேட்டபோது, "மீன்புடிக்கத்தான்" என்று இன்னொரு பொய்யும் சொன்னான். குண்டுகளைப் போட்டதும் வால் நிலத்தில் சரிந்தது. சரிந்தால் என்ன, ஓடும்போது வால் இருப்பது நிலத்தில்தானே என்று விட்டுவிட்டான்.

ஷரிபுதீன் விமானத்தைத் தூக்கிப் பார்த்தான். "மச்சான், வரக்குள்ள மடியில வச்சிட்டு வந்தன். இப்ப ரெண்டு பேர் புடிக்கணும் போல இரிக்கி."

"பெரிய காத்தாடி போட்டா இழுத்திடும்."

பெரிய காற்றாடி நிலத்தில் தட்டியது. கால்களை உயர்த்த வேண்டும். அதற்கு உறுதியான கம்பி வேண்டும். வீட்டில் இருந்த உறுதியான கம்பி மாமனாரின் குடையில்தான் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு மீராமுகைதீன் தலையில் லேஞ்சித் துணியைப் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்து போனார்.

பெற்றரிக்குச் சார்ஜ் ஏற்ற வேறு வழி தெரியாமல் மாமனாரின் உழவு மெசினின் பெற்றரியில் வயரைக் கொழுவினான். விமானப் பெற்றரி நிறைந்ததோ இல்லையோ, உழவு மெசின் மறுநாள் ஸ்டார்ட் ஆகவில்லை. வயலில் தண்ணீர் பாய்ச்சி வைத்துவிட்டு உழவுக்கு ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன காக்கா, மெசினுக்கு என்ன?" என்று றோட்டில் போன யாரோ கேட்டார்கள்.

"ஒண்டுமில்ல. மருமகன் பிளேன் செய்றார்" என்றார் மீராமுகைதீன்.

ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம். அந்த ஒண்டுமில்லையைத்தான் முத்தலிப்பால் தாங்க முடியவில்லை. அன்று பின்னேரம் நதீரா தேத்தண்ணியோடு வந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று முடிவெடுத்தான். கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தான். மாமியின் தேத்தண்ணியில் நிறம் மட்டும்தான் இருக்கும். தண்ணீர் கொதிக்க முதலே தேயிலையைப் போட்டுவிடுகிறார். ஒவ்வொரு நாளும் இதைக் குடிக்கும்போது அவனுடைய வலது கை தானாகத் துடிக்கும்.

"நதீரா, நான் ஒண்டு சொல்லணும். அந்தப் பிளேன் கத இரிக்கே..."

"நீங்க ஒண்டும் சொல்லத் தேவல்ல. முதல்ல வாப்பாக்கும் உம்மாக்கும் கொஞ்சம் கவலதான். இந்தக் கடைய வேற கட்டிப்போட்டு..."

சீலைக்குப் பின்னால் பலமாக ஒரு செருமல் கேட்டது. நதீரா நிறுத்திக்கொண்டாள்.

"அதெல்லாம் போகட்டும். இப்ப எல்லாருக்கும் பெருமதான். கூடப் படிச்ச ஆக்களுக்கெல்லாம் சொல்லிட்டன். நாளைக்கு அஸர் தொழுத பொறகு கடற்கரைக்கு எல்லாரும் வாறாங்க."

"எல்லாரும் எண்டா?"

"எல்லாரும்தான்" என்றாள் நதீரா மகிழ்ச்சியாக.

முத்தலிப் மீதித் தேத்தண்ணியை மூச்சுவிடாமல் குடித்து முடித்தான். வேலையில்லாதவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்று கவலைப்பட்டிருக்கிறார்கள். அதையும் சொல்லிக்காட்டாமல் மறைக்கிறார்கள். இவர்களிடம் போய், நான் அந்தப் பிளேன் இல்லை, இந்தப் பிளேன் என்று எந்த வாயால் சொல்வது?

மறுநாள் கடற்கரையில் தோணிகளுக்குப் பக்கத்தில் ஊரே கூடிவிட்டது. தோணியின் மேலும் ஆட்கள் ஏறி நின்றார்கள். குடைக்கம்பிக் கால்களில் விமானம் நடுங்கிக்கொண்டு நின்றது. மாமனார் முன்வரிசையில், கைகளைக் கட்டிக்கொண்டு. பின்னால் பெண்கள் கூட்டத்தில் நதீரா, புதுச் சாறியில்.

"பிஸ்மில்லாஹ்" என்று ஷரிபுதீன் றேடியோவில் விசையைத் தள்ளினான்.

மோட்டர் சீறியது. மணல் பறந்தது. விமானம் உதறிக்கொண்டு புறப்பட்டது, பின்பக்கமாக. முதலில் மெல்ல, பிறகு வேகமாக, வால் முன்னும் மூக்கு பின்னுமாக மாமனாரின் காலை நோக்கி வந்தது. மாமனார் சாரனைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்.

"பிளேன் றிவேர்ஸ்ல போகுதுடோய்!"

"சவூதியில இப்பிடித்தான் போறதா?"

சிரிப்புக் கடற்கரை முழுக்கப் பரவியது. முத்தலிப் ஓடிப்போய்க் குந்தி, வயர்களைப் பார்த்தான். பெற்றரியை முன்னும் பின்னும் மாற்றி மாற்றி வைத்ததில் சிவப்பு கறுப்பிலும் கறுப்பு சிவப்பிலும் பூட்டிக் கிடந்தது. கை நடுங்க மாற்றிப் பூட்டினான்.

இரண்டாம் முறை விமானம் முன்பக்கமாகத்தான் ஓடியது. கூட்டம் அடங்கியது. ஓடி, ஓடி, இனி ஏறாது என்று எல்லாரும் நினைத்த நேரத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. "அல்லாஹு அக்பர்!" என்று யாரோ கத்தினார்கள். முத்தலிப்பின் நெஞ்சில் ஒரு நிமிடம் ஆசை பிறந்தது. அதற்குள் ஈயக்குண்டுகள் தங்கள் வேலையைக் காட்டின. வால் தாழ்ந்தது, மூக்கு வானத்தைப் பார்த்தது, விமானம் மல்லாக்கத் திரும்பித் தலைகீழாக மணலில் குத்தியது.

"குத்துக்கரணம் அடிச்சிட்டு! சொன்ன மாதிரியே அடிச்சிட்டு!"

முறிந்த வாலுக்குள்ளிருந்து குண்டுகள் ஒவ்வொன்றாக உருண்டு வந்தன. அப்துல் ஸமட் குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"இது என்ட ஈயமெல்லோ? மீன்புடிக்க எண்டுதானே தம்பி கேட்டீங்க?"

முத்தலிப் திரும்பிப் பார்த்தான். நதீரா சாறித் தலைப்பை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தாள். கூட்டத்தின் சிரிப்பை விட அதுதான் அவனைக் கொன்றது.

துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு எல்லாரும் அந்தப் பலகைக் கதவு அறைக்குத் திரும்பினார்கள். யாரும் ஏசவில்லை. ஷரிபுதீன் கூட, "காத்து சரியில்ல" என்றான். காற்று நன்றாகத்தான் இருந்தது. மாமனார் வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து தேத்தண்ணி வந்தது. ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளித்தார், கோப்பையைக் கீழே வைத்தார்.

முத்தலிப்பால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எழுந்தான். சீலையை விலக்கிக்கொண்டு நேரே குசினிக்குள் போனான். மருமகன் குசினிக்குள் வந்ததைக் கண்ட மாமி, "யா அல்லாஹ்!" என்று பக்கத்து அறைக்குள் ஓடினார்.

அவன் அடுப்பை மூட்டினான். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டான். கோப்பைகளைச் சுடுதண்ணீரில் கழுவினான். வடிகட்டும் பையில் தேயிலையைப் போட்டுச் சாயம் இறக்கி, ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப் போட்டு, சீனி சேர்த்து, ஒரு கையைத் தலைக்கு மேலும் மற்றக் கையை இடுப்புக்குக் கீழும் பிடித்து ஆற்றினான். ஒரு சொட்டு நிலத்தில் விழவில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவனுடைய கை நடுங்காமல் செய்த முதல் வேலை அதுதான்.

மாமனார் ஒரு வாய் குடித்தார். நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குடித்தார். நதீராவும் குடித்தாள்.

"மச்சான், இது ஆர் போட்ட?" என்றான் ஷரிபுதீன்.

"நான்தான்."

"எங்க பழகின?"

"ஜித்தாவில."

முத்தலிப் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மாமா, நான் எயார்போர்ட்டக் கண்டது போகக்குள்ளயும் வரக்குள்ளயும்தான். நான் அங்க போட்டது இந்தப் பிளேன். தரகர் பிளேன் எண்டு சொன்னத நீங்க எல்லாரும் மாறி விளங்கிட்டீங்க. எனக்கு வெக்கத்துல திருத்த வாய் வரல்ல. என்னால உங்கட உழவு பிந்திட்டு, குட போயிட்டு, இண்டைக்கு ஊருக்கு முன்னால மானமும் போயிட்டு. நீங்க என்ன சொன்னாலும் கேக்கிறன். போகச் சொன்னா நிந்தவூருக்குப் போறன்."

சொன்னதும் நெஞ்சு லேசானது போலவும் இருந்தது, செத்துப் போகலாம் போலவும் இருந்தது. மாமனார் மூலையில் சாக்கால் மூடிக் கிடந்த சாமானைப் பார்த்தார். நதீராவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வடிந்தது. ஆனால் அவளுடைய வாய் சிரித்துக்கொண்டிருந்தது, அது ஏன் என்று முத்தலிப்புக்கு விளங்கவில்லை.

வாசல் சீலை அசைந்தது. மாமி றுகையா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முதல்முறையாக மருமகனுக்கு முன்னால் வந்து நின்று, நேரே அவனைப் பார்த்துக் கதைத்தார்.

"நாங்க மாறி விளங்கல்ல மகன், தேத்தண்ணிக் கட போடத் தெரிஞ்ச மாப்பிள்ளதான் வேணும் எண்டு தரகரிட்டக் கேட்டதே நாங்கதான், அந்தச் சாக்குக்குள்ள இரிக்கிறது தேத்தண்ணிப் பொயிலர், நீங்க எயார்போர்ட் எண்டு சொன்ன அண்டைக்கு வெக்கத்துல மூடின!"